சகுனி இல்லாத பகடை

போன பதிவு மல்லாட்டை விலையைப் பத்தி. அதுக்கு முந்தினது பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டற கூலியைப் பத்தி. இந்தப் பதிவைப் பார்த்துட்டு "என்னண்ணே, வெயில்ல அலைஞ்சு ஏதாவது ஆயிடுச்சா"ன்னு சில பேர் கேட்பீங்க. ஒண்ணும் ஆகல. கோடையில கழனி வேலை கம்மி. அக்கா மகன் பெங்களூர்ல இருந்து லீவுக்கு வந்தவன் ஒரு விளையாட்டைக் கொண்டு வந்தான். அதைப் பத்தி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டாயிடுச்சு. அதைச் சொல்லாம இருக்க முடியல.

விளையாட்டு தெரியாதவங்களுக்கு முதல்ல நாலு வரி. மேசையைச் சுத்தி நாலஞ்சு பேர் உட்காருவாங்க. ஒருத்தர் நடத்துவார், அவருக்கு கேம் மாஸ்டர்னு பேரு. மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு வேஷம். அரிதாரமெல்லாம் கிடையாது, வாயால சொல்றதுதான். "ஊர் எல்லையில நிக்கறீங்க, இருட்டப் போவுது, தூரத்துல புகை தெரியுது"ன்னு நடத்துறவர் சொல்வார். "நான் புகை வர்ற பக்கம் போறேன்"னு ஒருத்தர், "நான் மரத்துல ஏறிப் பார்க்கறேன்"னு இன்னொருத்தர். ஏற முடியுமா, கிளை முறியுமான்னு சந்தேகம் வந்தா பகடை உருட்டுவாங்க. அவ்வளவுதான். 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் இதை 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'ங்கற பேர்ல, ஒரு பெட்டிக்குள்ள மூணு சின்னப் புத்தகமா வச்சு வித்தாங்க. இந்த வகையில முதல்ல விலைக்கு வந்தது அதுதான். மேசைன்னு சொன்னேனே, எங்க வீட்ல அது திண்ணை.

நம்ம ஊர் ஆட்டத்தோட வச்சுப் பார்த்தா இதோட வித்தியாசம் புரியும். பரமபதத்துல பகடை சொல்ற இடத்துக்குப் போவணும், பாம்பு கடிச்சா இறங்கணும். உங்க புத்திக்கு அங்க வேலையே இல்ல. ஆடு புலி ஆட்டம் நேர் எதிர். எல்லாமே புத்தி, அதிர்ஷ்டம் துளியும் கிடையாது. ஆனா புலிக்கு ஆட்டைத் தாண்டறதைத் தவிர வேற எதுவும் தெரியாது. இது ரெண்டுக்கும் நடுவுல தாயம். இந்த ரோல்பிளே விளையாட்டுல என்னன்னா, புலி ஆட்டோட பேச்சுவார்த்தை நடத்தலாம். கோட்டை விட்டு வெளியே போயி காட்டுல தூங்கலாம். நடத்துறவர் அதுக்கும் ஒரு பதில் சொல்லணும்.

இதை நடத்தறதுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நடத்துறவர் கதையை முன்னாடியே எழுதி வச்சிருப்பார். நீங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில அவர் நினைச்ச குகைக்குத்தான் போய்ச் சேருவீங்க. ஆடறவங்க இதை 'ரெயில்ரோடிங்'னு கிண்டலா சொல்றாங்க, அதாவது தண்டவாளம் போடறது. விழுப்புரம் ஜங்ஷன்ல இருந்து அஞ்சு பக்கம் வண்டி போவுது, ஆனா எந்த வண்டியில ஏறினாலும் தண்டவாளம் போற இடத்துலதான் உங்களால இறங்க முடியும். இன்னொரு வழி சாண்ட்பாக்ஸ். பிள்ளைங்க விளையாட ஒரு தொட்டியில மணலைக் கொட்டி விடறாங்கல்ல, அதுலேர்ந்து வந்த பேரு. நடத்துறவர் ஒரு ஊரையும் சுத்துப்பட்டையும் உண்டாக்கி வச்சிருப்பார். யார் யார் இருக்காங்க, யாருக்கு என்ன வேணும், எங்க என்ன ஆபத்துன்னு அவருக்குத் தெரியும். நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு தெரியாது. கதை எப்படி முடியும்னும் தெரியாது.

மணல்ல வீடு கட்டறதுக்குத் தமிழ்ல 'சிற்றில்'னு பழைய பேரே இருக்கு. பிள்ளைத்தமிழ்ல ஆண்பாலுக்கு உள்ள பருவங்கள்ல ஒண்ணு, சின்னப் பொண்ணுங்க கட்டின சிற்றிலை இந்தப் பையன் வந்து காலால சிதைக்கறது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில ஒரு பதிகமே, எங்க சிற்றிலைச் சிதைக்காதேன்னு கண்ணனைக் கெஞ்சறதுதான். மணல் வீட்டை ஒருத்தன் இடிச்சா அழுகை வரும்னு நம்ம ஆளுங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. விளையாட்டுதானேன்னு விட்டுட முடியல. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வேலை இருக்கு.

என் கட்சி சாண்ட்பாக்ஸ் கட்சி. ஏன்னு சொல்லணும்னா எங்க திண்ணையில நடந்ததைச் சொல்லணும்.

அக்கா மகன் பெரிய ஏற்பாட்டோட வந்திருந்தான். மலை மேல கோட்டை, குகைக்குள்ள டிராகன், அது தூக்கிட்டுப் போன ராசா பொண்ணு, முப்பது பக்கத்துக்குக் கதை. மலையடிவாரத்துல ஒரு கிராமம், நாங்க அந்தக் கிராமத்து ஜனங்க. படமும் வரைஞ்சிருந்தான். மலை பழுப்பு, காடு பச்சை, கிராமத்துக்கு மேற்கால நீலத்துல ஒரு ஏரி. ஆடினது நானு, வீட்டம்மா, பிளஸ் டூ எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த எங்க பொண்ணு, அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன். அண்ணன் மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். ஊர்ல எந்தப் போஸ்ட்ல என்ன கோளாறுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வார்.

பையன் கதையை ஆரம்பிச்சான். குதிரையில ஒரு தூதன் வர்றான், ராசா பொண்ணைக் காணோம்ங்கறான். அண்ணன் படத்தையே பார்த்துட்டிருந்தவர், ஏரி மேல விரலை வச்சார்.

"தம்பி, இந்த ஏரிக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

"மலையில இருந்து வருதுன்னு வச்சுக்கோங்க பெரியப்பா."

"வச்சுக்கறதுன்னா? வரத்து வாய்க்கா எங்க? படத்துல காணோமே. கலங்கல் எந்தப் பக்கம்?"

பையன் நீலக் கலர் அழகுக்காகத்தான் அடிச்சிருந்தான். "பெரியப்பா, மலைக்குப் போனாத்தான் கதை"ன்னு கெஞ்சற மாதிரி சொன்னான். "கதை கெடக்குது. வாய்க்கா தூர்ந்து கெடக்குதா இல்லையா, அதைச் சொல்லு"ன்னார் இவர். வீட்டம்மாவும் சேர்ந்துகிட்டா, "ராசா பொண்ணைத் தேட ராசாகிட்ட ஆள் இல்லையா?"ன்னு.

இந்த இடத்துலதான் நடத்துறவன் யாருன்னு தெரியும். அவன் நினைச்சிருந்தா டிராகனை ஊருக்குள்ள பறக்க விட்டு எங்களை மலைக்கு ஓட வச்சிருக்கலாம். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தான். அப்புறம் பகடையை எடுத்து எங்க எதிர்லயே உருட்டினான். ஒண்ணு, ரெண்டு விழுந்தா வாய்க்கா சுத்தம். மூணு, நாலு விழுந்தா பாதி. அஞ்சு, ஆறு விழுந்தா முழுசா தூர்ந்து போச்சு. அஞ்சு விழுந்துச்சு. முப்பது பக்கக் கதையை மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டு, வெறும் தாள்ல வாய்க்கால் வரைய ஆரம்பிச்சான். அன்னைக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நாங்க தூர் வாரினோம்.

பின்னாடி அவன் சொன்னதைக் கேட்டப்போ சிரிப்பு வந்துச்சு. இந்த விளையாட்டே இப்படித்தான் பொறந்ததாம். 1969ல மின்னசோட்டாவுல டேவிட் வெஸ்லின்னு ஒருத்தர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒண்ணு ஏற்பாடு பண்ணார். பிரவுன்ஸ்டைன்னு ஒரு கற்பனை ஊர். படையை நகர்த்தற ஆட்டத்துல, ஊர்க்காரங்களுக்கும் வேஷம் குடுத்தா என்னன்னு மேயர், பேங்க்காரர், கலகக்கார மாணவன்னு ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்கார். ஆடறவங்க படையை விட்டுட்டு மூலைக்கு மூலை ரகசியம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு பேர் துவந்த யுத்தமே கேட்டாங்க. விதியில அதுக்கு இடமில்ல, இவர் அப்பப்போ யோசிச்சு பதில் சொல்லிச் சமாளிச்சார். ஆட்டம் நாசமாப் போச்சுன்னு இவர் நினைச்சா, வந்தவங்க அடுத்தது எப்போன்னு கேட்டிருக்காங்க. அந்தக் கூட்டத்துல இருந்தவர்தான் ஆர்னசன். அவர் அதுலேர்ந்து பிளாக்மூர்னு ஒரு நாட்டை உண்டாக்கி நடத்தினார், அதுலேர்ந்து வந்ததுதான் 1974 பெட்டி. அந்தப் பெட்டியில இருந்த புத்தகத்துலயே, காட்டுல சுத்தறதுக்கு 'அவுட்டோர் சர்வைவல்'னு வேற ஒரு கம்பெனி போட்ட விளையாட்டோட வரைபடத்தை வாங்கி வச்சுக்கோங்கன்னு எழுதியிருக்காம். அது காட்டுல வழி தப்பினவன் தண்ணி தேடிப் பிழைக்கற விளையாட்டு. ஆக மொதல் நாள்லயே, தண்ணி எங்கன்னு கேட்கறது இந்த ஆட்டத்துக்கு அந்நியம் இல்ல. லைன்மேன் அண்ணன் மரபு மீறல.

தண்டவாளம் பின்னாடி வந்தது. 1984ல 'டிராகன்லான்ஸ்'னு ஒரு வரிசை வந்துச்சு. பெரிய கதை, தயார் பண்ணி வச்ச வீரர்கள், அதே கதை நாவலாவும் வித்துச்சு. முக்கியமான பாத்திரம் சாவற மாதிரி ஆனா, உடம்பு கிடைக்காத மாதிரி சாவை மங்கலாக் காட்டி, பின்னாடி திரும்பக் கொண்டு வரலாம்னு அதுல ஒரு ஏற்பாடே உண்டு. கதைக்கு அந்த ஆள் வேணும்ல. பல பேருக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

இங்கதான் எங்க ஊர்ப் பக்கத்துக் கூத்தைச் சொல்லணும். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துல திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வைப்பாங்க. பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து, கடைசியில படுகளமும் தீமிதியும். மண்ணுல படுத்திருக்கிற அந்தப் பெரிய துரியோதனன் உருவம் சாவும்னு மூணு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சுதான் போறோம். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது அவன் கீழ விழாம வரம் வாங்கிடுவான்னும் தெரியும். தெரிஞ்ச கதையைத் திரும்பப் பார்க்கறதுல ஒரு ருசி இருக்கு, நான் அதை வேணாம்னு சொல்ல மாட்டேன். கட்டியங்காரன் மட்டும் கொஞ்சம் இஷ்டத்துக்கு நடப்பான், ராசாகிட்டயே போயி ரேஷன் கடைக் கேள்வி கேட்பான். ஆனா கதையை அவனும் மாத்த மாட்டான்.

கூத்தைக் கூத்துன்னு சொல்லி நடத்தறவன் மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல. "உங்க இஷ்டம்தான், எங்க வேணும்னாலும் போங்க"ன்னு சொல்லிட்டு, எங்க போனாலும் அதே குகையைக் கொண்டு வந்து நிறுத்தறான் பாருங்க, அவன்தான் பிரச்சனை. எங்க பாரதத்துல அந்த ஆளுக்குப் பேரு சகுனி. துகில் உரியற அன்னைக்கு ராத்திரி கூத்துல தருமன் பகடை உருட்டும்போது ஜனங்க வயிறு எரியறது அவன் தோக்கறதுக்காக மட்டும் இல்ல. விழப் போறது என்னன்னு ஒருத்தனுக்கு முன்னாடியே தெரியும், இன்னொருத்தன் அதை ஆட்டம்னு நம்பி உட்கார்ந்திருக்கான். அதுதான் எரிச்சல். ரோல்பிளே ஆடறவங்ககிட்டயும் இந்த வழக்கம் இருக்காம். நடத்துறவர் ஒரு அட்டையை மறைப்பா வச்சுக்கிட்டு அதுக்குப் பின்னால உருட்டுவார், கதைக்குப் பிடிக்காத எண் விழுந்தா மாத்திச் சொல்வார். நல்ல மனசோட செய்யறதுதான், ஆடறவங்க வருத்தப்படக் கூடாதுன்னு. எனக்கு ஒப்பல. எதிர்ல உருட்டணும், விழுந்தது விழுந்ததுதான்.

ரெண்டாம் நாள் ஆட்டம் போர். உள்ளதைச் சொல்லணும்ல. வாய்க்கால் வேலைக்குக் கூலி நெல்லா குடுக்கறதா, காசா குடுக்கறதான்னு முக்கால் மணி நேரம் பேசினோம். வீட்டம்மா உட்கார்ந்தபடியே தூங்கிட்டா. கதை எழுதி வச்ச ஆட்டத்துல இந்த மாதிரி இடம் வராது, வந்தாலும் நடத்துறவர் தள்ளிட்டுப் போயிடுவார். சாண்ட்பாக்ஸ்ல சலிப்பும் சேர்த்துத்தான் வரும். இது பிடிக்கலன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்குப் போவ மாட்டேன்.

எங்க பொண்ணைப் பத்தி இப்பச் சொல்லணும். அவ எடுத்துக்கிட்ட வேஷம் ஊர்க் கணக்குப்பிள்ளை. ரெண்டு நாளும் அவ திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி. "இப்ப நான் என்ன பண்ணணும்?" அக்கா மகன் "உனக்கு என்ன பண்ணத் தோணுதோ அது"ம்பான். "இல்ல, எது கரெக்ட்?"ம்பா. குத்தம் அவ மேல இல்ல. பத்தாவதுல இருந்து அவளுக்குக் காலையில எழற நேரம், டெஸ்ட் எழுதற நேரம், எந்தக் கேள்விக்கு எத்தனை வரின்னு எல்லாத்தையும் வேற யாரோதான் சொன்னாங்க. நல்ல மார்க் எடுக்கற பொண்ணு. நாலு பதில் குடுத்து ஒண்ணை டிக் பண்ணச் சொன்னா கண்ணை மூடிக்கிட்டு பண்ணுவா. பதிலே குடுக்காம ஒரு ஏரியைக் குடுத்தா அவளுக்குக் கை நடுங்குது. நகரத்துல இருக்கறவங்க பிள்ளைங்களுக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுடாதீங்க. திண்டிவனத்துல டியூஷன் போர்டு இல்லாத தெரு எதுன்னு தேடணும்.

சாண்ட்பாக்ஸ் ஆட்டத்தைச் 'சுதந்திரம்'னு சொல்லி விக்கறாங்க. மொதல்ல வர்றது சுதந்திரம் இல்ல, திகைப்பு. இவளை மாதிரி வளர்ந்த பிள்ளைக்கு அது ஒரு தண்டனை மாதிரி இருக்கு. அதைத் தாண்டினாத்தான் ருசி.

மூணாம் நாள் தாண்டினா. ஏரியில தண்ணி வர ஆரம்பிச்சுது. ரெண்டாம் போகத்துக்கும் தண்ணி வேணும்னு அண்ணன் கலங்கல்ல மணல் மூட்டை அடுக்கிட்டார். நிஜத்துலயும் இந்த ஆசை எங்க ஆளுங்களுக்கு உண்டு. பையன் பருவத்துக்கு ஏத்த மாதிரி ஒரு மழை அட்டவணை எழுதி வச்சிருந்தான், தினமும் உருட்டுவான். அன்னைக்கு விழுந்தது பெருமழை. அடுத்த உருட்டலும் பெருமழை.

திண்ணையில யாரும் பேசல. நீங்க நகரத்துல இருந்து படிக்கறீங்க, அதனால சொல்றேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறினப்போ, இங்க மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. எங்க சம்பா நாலு நாள் தண்ணிக்குள்ள கிடந்துச்சு. அந்த ராத்திரி ஏரிக்கரையில டார்ச்சோட நின்ன ரெண்டு பேர் அந்தத் திண்ணையில உட்கார்ந்திருந்தோம். பகடையில விழுந்ததைப் பார்த்துட்டு அண்ணன் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டார், எழுந்து போறவர் மாதிரி. போவல.

கரை தாங்காது. மூட்டையை எடுத்தா ஒரேயடியா தண்ணி பாய்ஞ்சு கீழூர் பயிர் போயிடும். எடுக்கலன்னா நம்ம ஊர் வீடுங்க போயிடும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பொண்ணு, "இருங்கப்பா"ன்னா. கணக்குப்பிள்ளை ஓலையில எத்தனை வீடு, கீழூர்ல எத்தனை ஏக்கர்னு கேட்டு வாங்கினா. மூட்டையை எடுக்கச் சொன்னா. அதுக்கு முன்னாடி கீழூருக்குத் தகவல் சொல்ல ஒரு ஆளை ஓட விட்டா. ஆள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தானான்னு பையன் எதிர்லயே உருட்டினான். சேரல. பயிரோட மாடும் போச்சு.

"இன்னொரு தரம் உருட்டேன்"னா. குரல் மாறிடுச்சு. பையன் என்னைப் பார்த்தான், என்ன செய்யட்டும்னு. அண்ணன்தான் சொன்னார்: "சகுனி ஆட்டம் வேணாம் பாப்பா."

கொஞ்ச நேரம் பகடையையே பார்த்துட்டு இருந்தா. அப்புறம் சொன்னா, "விடிஞ்சதும் நான் கீழூருக்குப் போறேன்." எதுக்குன்னு கேட்டான். "தெரியல. ஆனா போவணும்." மூணு நாள்ல முதல் தடவையா என்ன பண்ணணும்னு யாரையும் கேட்காம அவ சொன்ன வாக்கியம் அது. டிராகன் கதையை எவ்வளவு நல்லா எழுதியிருந்தாலும் அந்த வாக்கியத்தை அவன் எழுதியிருக்க முடியாது. எழுதி அவ வாயில வச்சிருந்தா அது அவளோடது ஆயிருக்காது. கீழூர் பயிர் போனது கதையாசிரியன் திட்டம்னு தெரிஞ்சிருந்தா அவளுக்குக் கோவம் வந்திருக்கும், பொறுப்பு வந்திருக்காது. மணல் வீட்டுக்காக அழறதுன்னு மேல சொன்னேனே, இதுதான். அவ கட்டினது, அவ கைய மீறிப் போனது.

வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டா, நியாயமான கேள்வி. "முடிவு தெரியாத ஆட்டத்தைத்தான் வருஷம் முழுக்க கொல்லையில ஆடறீங்களே, ராத்திரியும் அதையேவா ஆடணும்?" திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த டிஎம்வி மல்லாட்டை ரகத்தை விதைக்கறது என் கையில இருக்கு. மழை என் கையில இல்ல, கமிட்டியில அன்னைக்கு என்ன விலை வைப்பாங்கங்கறதும் இல்ல. ஆனா நிஜக் கொல்லையில எனக்குத் தேர்ந்தெடுக்க இருக்கறது ரெண்டு மூணு வழிதான். கடன் ஒரு பக்கம் இழுக்கும், ஆள் கிடைக்காதது ஒரு பக்கம், கரண்ட் வர்ற நேரம் ஒரு பக்கம். பகடை மட்டும் நிறைய, வழி கொஞ்சம். திண்ணையில வழி நிறைய. தோத்தாலும் நகை பேங்குக்குப் போவாது. "அப்ப சரி"ன்னா.

இதை கம்ப்யூட்டர்லயே ஆடலாமேன்னு சில பேர் எழுதுவீங்க. மைன்கிராஃப்ட் மாதிரி திறந்த உலகம் எத்தனையோ இருக்குன்னு. பக்கத்துத் தெரு பசங்க ஆடறதைப் பார்த்திருக்கேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா செஞ்சு வச்சவன் எதுக்கெல்லாம் பதில் எழுதி வச்சானோ அதுவரைக்கும்தான் அந்த உலகம். வரத்து வாய்க்கால் எங்கன்னு கேட்டா, முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு யோசிச்சுட்டு அப்புறம் வரைய ஆரம்பிக்க ஒரு மனுஷன் வேணும்.

ஆடிப் பார்க்கணும்னு நினைக்கறவங்களுக்கு ஒரு யோசனை. ஊரைச் சின்னதா வச்சுக்கோங்க, ஆனா ஆழமா. நூறு ஊர் பேரு எழுதறதை விட ஒரு ஊர்ல யாருக்கும் யாருக்கும் ஆகாதுன்னு எழுதறது மேல். நீங்க எதுவும் செய்யலன்னாலும் அந்த ஊர்ல அடுத்த மாசம் என்ன நடக்கும்னு நடத்துறவருக்குத் தெரிஞ்சிருக்கணும். எங்க ஆட்டத்துல நாங்க மலைப் பக்கமே போவாததால டிராகன் ராசாவோட பாதி ஊரை எரிச்சுடுச்சு. அந்தச் செய்தி எங்களுக்கு அகதியா வந்த ஒரு வண்டிக்காரன் மூலமாத்தான் தெரிஞ்சுது. பென் ராபின்ஸ்னு ஒருத்தர் 'வெஸ்ட் மார்ச்சஸ்'னு நடத்தின ஆட்டத்துல, எப்ப ஆடறது, யார் வர்றது, எங்க போறதுன்னு எல்லாத்தையும் ஆடறவங்களே முடிவு பண்ணிட்டு வருவாங்களாம், அவர் ஏற்பாடு பண்ண மாட்டார். வேலைக்குப் போற நகரத்து ஆளுங்களுக்கு அது சரிப்பட்டு வரும். இருபது முகப் பகடை வேணும்னு கடை தேடி அலையாதீங்க. அவன் கொண்டு வந்தது திண்ணை வெடிப்புக்குள்ள விழுந்து நாலாம் நாளே காணாமப் போச்சு. அதுக்கப்புறம் எங்கம்மாவோட பித்தளைத் தாயக்கட்டைதான்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். பிள்ளைங்களோட ஆடும்போது அவங்க தடுமாறினா உடனே உதவிக்குப் போவாதீங்க. போன வருஷம் சென்னையில இருந்து கொல்லையைப் பார்க்க வந்த ஒரு குடும்பம், மணிக்கு மணி பிள்ளைக்கு என்ன ஆக்டிவிட்டின்னு கேட்டாங்க. வரப்புல விட்டா அது தானா ஏதாவது கண்டுபிடிக்கும்னு சொன்னேன். பத்து நிமிஷம் பொறுத்தாங்க, அப்புறம் போனைக் கையில குடுத்துட்டாங்க. பதினோராவது நிமிஷம் நண்டு வளை கண்ணுல பட்டிருக்கும்.

அக்கா மகன் பெங்களூருக்குப் போயிட்டான். ஆட்டம் நிக்கல, சனிக்கிழமை ராத்திரி போன்ல நடக்குது, கரண்ட் இருந்தா. போன வாரம் கீழூர்த் தலைவர் பதில் அனுப்பினார். மாட்டுக்கு நஷ்டஈடு வேணாமாம். ஆனா இனிமே எங்க கலங்கல்ல கீழூர் ஆள் ஒருத்தன் ராவும் பகலும் காவல் இருப்பானாம், ஒத்துக்கணுமாம். முடிவு கணக்குப்பிள்ளை கையில. அவளுக்கு நிஜத்துல காலேஜ் விண்ணப்பம் போடற வேலை வேற இருக்கு. லைன்மேன் அண்ணன் தினம் காலையில சொசைட்டிக்குப் பால் எடுத்துட்டுப் போகும்போது வாசல்ல நின்னு கேட்கறார், "என்ன பாப்பா, ஒத்துக்கலாமா?" இன்னும் யோசிச்சுட்டு இருக்கேன் பெரியப்பான்னுதான் சொல்றா.